மாடப்புறாவைப் பட்டியலில் சேர்ப்பதா, விடுவதா? புதிதாகப் பறவை பார்ப்போருக்கு

பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: கட்டடக் கூரையிலும் ரயில் நிலையத்திலும் பாலத்துக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கும் புறாக்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா? கூட வரும் அனுபவசாலி ஒருவர், "அதை விடுங்க, அது வெறும் புறா" என்பார். இன்னொருவர் ஒன்றுகூட விடாமல் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு பேருமே பல வருடமாகப் பறவை பார்ப்பவர்கள். புதியவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தால் எழுதுங்கள், எண்ணிக்கையோடு எழுதுங்கள். வாழ்நாள் பட்டியலில் அது ஓர் இனமாகச் சேருமா என்பது வேறு கேள்வி. அதற்கும் பெரும்பாலான இடங்களில் 'சேரும்' என்பதே பதில். சேராத புறாக்களும் சில உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் வேலை முடிந்தது.

1. எந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுகிறோம்?

'லிஸ்ட்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் மூன்று வெவ்வேறு பட்டியல்கள் இருக்கின்றன.

முதலாவது அன்றாடப் பதிவு. இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இவ்வளவு நேரம் நின்றேன், இவையெல்லாம் தெரிந்தன என்று எழுதுவது. இரண்டாவது வாழ்நாள் பட்டியல், அதாவது 'லைஃப் லிஸ்ட்'. இதுவரை பார்த்த இனங்களின் தொகை. மூன்றாவது போட்டிப் பட்டியல். ஒரே நாளில் எத்தனை இனம், ஒரே வருடத்தில் எத்தனை இனம் என்று மற்றவர்களோடு மோதுவது.

சண்டை எல்லாம் இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றித்தான். ஆனால் அந்தச் சண்டையின் முடிவை முதலாவதின் மேல் சுமத்திவிடுகிறார்கள். "புறா என் கணக்கில் கிடையாது" என்று முடிவு செய்தவர், களத்தில் எழுதும் தாளிலும் அதை விட்டுவிடுகிறார். தவறு நடப்பது அங்கேதான்.

ஏன் தவறு என்றால், களப்பதிவில் எழுதாமல் விடுவதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. பறவை பார்ப்போரின் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு போன்ற இணையதளத்தில் பதிவிடும்போது, "நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் தருகிறீர்களா?" என்று கேட்கும். 'ஆம்' என்று சொல்லிவிட்டுப் புறாவை விட்டால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் புறாவே கண்ணில் படவில்லை என்று நீங்கள் அறிவித்ததாக ஆகிறது. உங்கள் பதிவைப் பின்னால் எடுத்துப் பார்க்கிற ஆய்வாளருக்கு, நீங்கள் புறாவை மதிக்காதவர் என்பது எப்படித் தெரியும்? அவர் அதைப் பூஜ்யமாகத்தான் படிப்பார்.

2. இந்தப் புறா யார் வீட்டுப் பிள்ளை?

நகரத்துப் புறாக்கள் எல்லாம் கொலம்பா லிவியா என்ற ஒரே இனம், அதாவது மாடப்புறா. இதன் காட்டு மூதாதைகள் கடலோரச் செங்குத்துப் பாறைகளிலும் குகைகளிலும் பள்ளத்தாக்குச் சுவர்களிலும் கூடு கட்டி வாழ்ந்தவை. தெற்கு, மேற்கு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா தொடங்கித் தெற்காசியா வரை இவற்றின் பூர்வீகம். மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இவற்றைப் பிடித்து வளர்த்தார்கள். இறைச்சிக்கு, எருவுக்கு, கடிதம் அனுப்ப, பந்தயத்துக்கு, அழகுக்கு. விசிறிவால் புறா, கரணமடிக்கும் புறா, தொண்டையை ஊதிக்காட்டும் புறா எல்லாமே இந்த ஓர் இனத்திலிருந்து வந்தவைதான் என்று சார்லஸ் டார்வின் 1859-இல் வாதிட்டார். அதற்காகத் தாமே புறா வளர்த்துப் பார்த்தார்.

வளர்த்தவற்றில் பல கூண்டை விட்டுப் போயின. போனவை கட்டடங்களைப் பாறையாக எடுத்துக்கொண்டு குடியேறின. வட அமெரிக்காவுக்கு 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் குடியேறிகளோடு போன புறாக்களின் சந்ததிதான் இன்று அங்கே ஊர் ஊராக இருக்கிறது. இப்படி மனிதர் கையை விட்டுத் தானாக வாழ்ந்து, தானாகப் பெருகுகிற கூட்டத்தைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம். யாரும் கூண்டு கொடுப்பதில்லை, இணை சேர்த்துவிடுவதில்லை. ஈடு ஒன்றுக்கு இரண்டு முட்டை, 18 நாள் அடைகாப்பு, இரை தாராளமாகக் கிடைத்தால் வருடம் முழுக்க இனப்பெருக்கம். இதற்கு மேல் ஒரு பறவை எப்படித்தான் சுதந்திரமாக வாழ்வது?

ஆக, களத்தில் நீங்கள் சந்திக்கக்கூடிய புறாக்கள் மூன்று வகை. பாறைகளில் வாழும் அசல் காட்டுப் புறா. ஊருக்குள் தன்னிச்சையாக வாழும் புறா. யாரோ ஒருவருக்குச் சொந்தமான வளர்ப்புப் புறா. முதல் இரண்டும் கணக்கில் சேரும், மூன்றாவது சேராது.

3. பார்த்துப் பிரிப்பது

வளர்ப்புப் புறாவைக் கண்டுபிடிப்பதில் தொடங்கலாம், அதுதான் எளிது. காலைப் பாருங்கள். பந்தயப் புறாவின் காலில் எண் பொறித்த மூடிய வளையம் இருக்கும். குஞ்சாக இருக்கும்போதே மாட்டியது, பிறகு கழற்ற முடியாது. அது வழிதவறிப் போய்க் களைத்து உங்கள் மாடியில் உட்கார்ந்திருக்கலாம். அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார், அதை இனக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் வளையம் இருக்கிற புறா ஒன்று பல மாதமாக ஊர்ப் புறாக்களோடு இரை தேடி, துணை சேர்ந்து, குஞ்சும் பொரித்துவிட்டால்? அப்போது அதுவும் ஊர்ப் புறாதான் என்பது என் கருத்து. வளையம் பழைய வாழ்க்கையின் அடையாளம், அவ்வளவே.

விழாக்களில் பறக்கவிடும் தூய வெள்ளைப் புறாக்களும் வளர்ப்புதான். விசிறிவால், இறகு மூடிய கால் போன்ற விசேஷ வடிவங்கள் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒரு கூண்டிலிருந்து திறந்துவிடப்பட்டு, வட்டமடித்துவிட்டு அதே கூண்டுக்கே திரும்புகிற கூட்டத்தையும் விட்டுவிடலாம். ஒரு தடவை எங்கே இறங்குகின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை குழப்பம் இல்லை.

காட்டுப் புறாவையும் ஊர்ப் புறாவையும் பிரிப்பதுதான் கடினம். பைனாகுலரை ஒரே புறாவின் மேல் நிறுத்தி மெதுவாக மேலிருந்து கீழே வாருங்கள். அலகு முகத்தோடு சேரும் இடத்தில், மூக்குத் துளைகளுக்கு மேல், சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளைத் தடிப்பு இருக்கும். காட்டுப் புறாவுக்கு அது சிறியது, அலகும் மெலிந்தது. ஊர்ப் புறாவுக்குப் பல நேரம் அலகு தடித்து, தடிப்பும் புடைத்துத் தெரியும். கழுத்தில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னுவது இரண்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அடுத்து இறக்கை. காட்டுப் புறாவுக்கு வெளிர் சாம்பல் இறக்கையில் இரண்டு கருப்புப் பட்டைகள், கோடு போட்டாற்போல. ஊர்ப் புறாவில் அதே பட்டைகள் இருக்கலாம். அல்லது இறக்கை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கரும்புள்ளி, உடல் முழுக்கக் கறுப்பு, செங்கல் நிறப் பட்டை, முழுச் சிவப்பு, வெள்ளைத் திட்டு, முழு வெள்ளை என எதுவும் இருக்கலாம். பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வால் நுனியில் கரும்பட்டை.

பல கையேடுகளில் 'முதுகின் கீழ்ப்பகுதி வெள்ளை' என்று போட்டிருக்கும். ஐரோப்பாவுக்கு அது சரி. தெற்காசியாவின் காட்டுப் புறாக்களுக்கு அந்த இடம் சாம்பல் நிறம். வெள்ளை இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள்.

ஒரு தனிப் புறா நீலச் சாம்பலாக, இரண்டு பட்டையோடு, பார்க்க அச்சு அசல் காட்டுப் புறா போலவே இருந்தாலும் அது ஊர்ப் புறாவாக இருக்கலாம். கூட்டத்தைப் பாருங்கள். ஐம்பது புறாவும் ஒரே அச்சில் இருந்து, இடமும் ஆள் நடமாட்டம் இல்லாத பாறைச் சுவராக இருந்தால் காட்டுப் புறா என்பதற்கு வாய்ப்பு அதிகம். நடுவே நாலு கறுப்பும் இரண்டு வெள்ளைத் திட்டும் தெரிந்தால் ரத்தம் கலந்துவிட்டது என்று பொருள். உலகின் பல பகுதிகளில் இப்படிக் கலந்துவிட்டதால் கலப்பில்லாத காட்டுப் புறாக்கள் அரிதாகிவிட்டன. ஸ்காட்லாந்தை ஒட்டிய வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளின் புறாக்களில் வளர்ப்புப் புறாவின் கலப்பு மிகக் குறைவு என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. எங்கும் நிறைந்திருக்கும் பறவையின் அசல் வடிவம் கடைசியாக ஒதுங்கி நிற்கும் இடங்களுள் அதுவும் ஒன்று.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. புறாக் கூட்டத்துக்குள் வேறு இனமும் கலந்திருக்கும். வால் நடுவே அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது மத்திய ஆசிய மலைகளில் வாழும் மலைப் புறா என்ற வேறு இனமாக இருக்கலாம். ஐரோப்பாவில் இறக்கையின் அடிப்பக்கம் சாம்பலாக, பட்டைகள் அரைகுறையாகத் தெரிந்தால் அது வேறு காட்டினம். அப்புறம், மேயும் கூட்டம் சட்டென்று எழும்பி ஒரே பந்தாகச் சுருண்டு திரும்பினால் புறாவை விட்டு வானத்தைப் பாருங்கள். பொரி வல்லூறு வந்திருக்கும். நகரங்களில் அதன் முக்கிய இரையே இந்தப் புறாதான்.

4. விதிகள் என்ன சொல்கின்றன?

பிரிட்டிஷ் பறவையியலாளர் ஒன்றியம் தன் நாட்டுப் பறவைகளை ஏ, பி, சி என்று வகை பிரித்து வைத்திருக்கிறது. ஏ என்றால் 1950-க்குப் பிறகு இயற்கையான நிலையில் பதிவானவை. சி என்றால் மனிதரால் வந்து தானாக நிலைத்தவை. அதற்குள் சி4 என்ற உட்பிரிவு, வளர்ப்பிலிருந்து வெளியேறிக் காட்டில் நிலைகொண்ட இனங்களுக்கானது. மாடப்புறா ஏ வகையிலும் இருக்கிறது, சி4-இலும் இருக்கிறது. காட்டுப் புறாவுக்கு ஒன்று, ஊர்ப் புறாவுக்கு ஒன்று. எதைப் பார்த்தாலும் இனம் ஒன்றுதான், வாழ்நாள் பட்டியலில் ஒரு முறைதான் ஏறும்.

அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் விதியில், பறவை உயிரோடு, காட்டு நிலையில், கட்டுப்பாடின்றி இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த இனமாக இருந்தால் அங்கே நிலைபெற்றிருக்க வேண்டும். நிலைபெற்றதாகக் கொள்ளக் குறைந்தது 15 ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்க வேண்டும் என்பது அளவுகோல்களில் ஒன்று. புறா அந்தப் பரீட்சையை நூற்றாண்டுகளுக்கு முன்பே பாஸ் செய்துவிட்டது.

இ-பேர்டு 2022-இல் அயல் இனங்களை மூன்றாகப் பிரித்தது: இயல்பாகிவிட்டவை, இன்னும் முடிவாகாதவை, தப்பி வந்தவை. முதல் இரண்டும் உங்கள் மொத்தத்தில் சேரும். மூன்றாவது பதிவில் இருக்கும், ஆனால் மொத்தத்தில் ஏறாது. எதற்கும் நீங்களாகக் கணக்குப் போடத் தேவையில்லை, தளமே பார்த்துக்கொள்ளும்.

போட்டி என்றால் நடத்துபவர் சொல்வதே விதி. தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

உங்கள் சொந்தப் பட்டியலுக்கு நீங்கள்தான் ராஜா. புறா வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் அந்த முடிவுக்கு ஒரு காரணம் வைத்துக்கொண்டு, அதை எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி பொருத்துங்கள். "மனிதன் கொண்டுவந்ததை நான் எண்ணுவதில்லை" என்று சொல்பவர் லண்டன் பூங்காவில் பச்சைக்கிளியைப் பார்த்ததும் குஷியாகக் குறித்துக்கொள்வார். மாண்டரின் வாத்தைப் பார்த்தால் படம் வேறு எடுப்பார். அவை இரண்டும் பிரிட்டனில் மனிதரால் வந்தவைதான், இரண்டும் சி வகைதான். வட அமெரிக்காவின் வீட்டுச் சிட்டுக்குருவி, 1890-இல் நியூயார்க்கில் விடப்பட்ட ஐரோப்பிய ஸ்டார்லிங், ஆஸ்திரேலியாவின் மைனா எல்லாமே இப்படி வந்தவை. புறாவை மட்டும் ஒதுக்குகிறவருடைய உண்மையான விதி 'அழகாக இருந்தால் எண்ணுவேன்' என்பதோ என்று எனக்குச் சந்தேகம்.

5. எண்ணுவது எப்படி?

உட்கார்ந்திருக்கும்போது எண்ணுவது எளிது. கம்பியில், கூரை விளிம்பில் வரிசையாக இருந்தால் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். தரையில் மொய்த்துக்கொண்டு மேய்ந்தால் பத்துப் புறாவை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பதியவைத்து, அந்த அளவை மற்ற இடத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். பறக்கும் கூட்டத்துக்கும் இதே முறைதான்.

புறாவில் மட்டும் ஒரு சிக்கல் கூடுதல். அது எழும்பும், சுற்றும், அதே இடத்தில் வந்து இறங்கும், ஐந்து நிமிடத்தில் மறுபடி எழும்பும். ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டே போனால் நாற்பது புறா இருநூறாகிவிடும். ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்றால், ஒரே நேரத்தில் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். நடந்துகொண்டே பார்க்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு கூரைக் கூட்டத்தையும் ஒரு முறை மட்டும் எண்ணி, திரும்பி வரும்போது அதே கூரையைத் தொடாதீர்கள்.

பழக ஒரு நல்ல வழி: கூட்டம் எழும்பும்போது மனதுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள். பிறகு படத்தில் எண்ணிப் பாருங்கள். பெரிய கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். எவ்வளவு குறைக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் திருத்திக்கொள்வது சுலபம். தினமும் கிடைக்கிற, பயந்து ஓடாத, எவ்வளவு நேரம் பார்த்தாலும் முகம் சுளிக்காத பறவை புறா. கூட்டத்தை எண்ணப் பழக இதைவிட நல்ல பறவை இல்லை.

எண்ணவே முடியவில்லை என்றால் 'எக்ஸ்' போடலாம், 'இருந்தது' என்று அர்த்தம். ஆனால் தோராயமான எண் அதைவிடப் பல மடங்கு பயன்படும். 'சுமார் 60' என்பதில் தகவல் இருக்கிறது, எக்ஸில் ஒன்று இருந்ததா ஆயிரம் இருந்ததா என்பதே தெரியாது.

6. பதிவிடுவது

இ-பேர்டில் இந்த இனத்துக்கு மூன்று பெயர்கள் வரலாம்: பொதுப் பெயர், அடைப்புக்குறிக்குள் 'காட்டு வகை' என்ற பொருளில் ஒன்று, 'ஊர்ப் புறா' என்ற பொருளில் ஒன்று. நகரத்தில் பார்த்தது ஊர்ப் புறா. பாறைச் சுவரில் ஒரே அச்சில் பார்த்து உறுதியாகத் தெரிந்தால் காட்டு வகை. சந்தேகமென்றால் பொதுப் பெயர். தெரியாததைத் தெரிந்ததாகப் போடாமல் இருப்பதற்குத்தானே அந்தப் பொதுப் பெயரே இருக்கிறது.

குறிப்புப் பகுதியில் இரண்டு சொல் எழுதினால் போதும். 'பாலத்தின் அடியில் கூடு', 'பாதிக்கு மேல் கட்டம் போட்டவை', 'காலில் வளையம்'. நிறங்களைத் தனித்தனியே எண்ணுகிறவர்களும் உண்டு. கார்னல் பறவையியல் ஆய்வகம் முன்பு நடத்திய புறா கவனிப்புத் திட்டம் ஒன்று, ஒரே கூட்டத்தில் ஏன் இத்தனை நிறங்கள் நீடிக்கின்றன என்ற கேள்விக்காகவே பொதுமக்களை ஏழு நிற வகைகளாகப் புறா எண்ண வைத்தது.

இதெல்லாம் யாருக்குப் பயன்படும் என்று தோன்றலாம். 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற 2023 அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் இட்ட பதிவுகளை வைத்துத் தயாரானது. பல இனங்கள் சரிந்துகொண்டிருக்க, ஊர்ப் புறா மிக வேகமாகப் பெருகும் சிலவற்றுள் ஒன்று என்று அது காட்டியது. புறாவை எழுதியவர்கள் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது. எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. பிரிட்டனில் எங்கும் இருந்த வீட்டுச் சிட்டுக்குருவி 2002-இல் கவலைக்குரிய சிவப்புப் பட்டியலுக்குப் போனது. சாதாரணப் பறவை என்று எல்லாருமே விட்டிருந்தால் அந்தச் சரிவு எண்ணாக வந்திருக்காது.

தீவுகளில் ஒற்றைப் புறாவே செய்தியாகிவிடும். கலாபகஸ் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட புறாக்கள் அங்கே மட்டும் வாழும் புறா இனத்துக்கு நோய் பரப்பக்கூடும் என்பதால், 2000-களில் திட்டமிட்டு முழுவதுமாக அகற்றினார்கள். அப்படி ஓர் இடத்தில் மறுபடியும் ஒரு மாடப்புறா தெரிந்தால், "அது வெறும் புறா" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

7. புறா விடுபட்ட பழைய பதிவுகள்

இதைப் படிப்பதற்குள் நீங்கள் புறா இல்லாத பட்டியல்கள் பல போட்டிருக்கலாம். நினைவிலிருந்து எண்ணைத் தேடி எழுதாதீர்கள், அது கற்பனையாகத்தான் இருக்கும். அன்று அங்கே புறா இருந்தது உறுதியாக நினைவிருக்கிறது அல்லது படத்தில் தெரிகிறது என்றால் எக்ஸ் போட்டுச் சேருங்கள், எண்ணிக்கை வேண்டாம். புறா இருந்ததா இல்லையா என்பதே நினைவில்லை, ஆனால் அந்தக் காலத்தில் புறாவை எழுதும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்றால், அந்தப் பதிவைத் திறந்து 'எல்லாப் பறவைகளையும் தருகிறேன்' என்ற இடத்தில் 'இல்லை' என்று மாற்றிவிடுங்கள். மற்ற பறவைகளின் பதிவு அப்படியே இருக்கும், உங்கள் மொத்தத்தில் ஒன்றும் குறையாது. புறாவுக்கு நீங்கள் தெரியாமல் போட்ட பூஜ்யம் மட்டும் போய்விடும்.